உள்நோயாளிகளிடையே மிகைக் குடியைக் கண்டறிதல்: கருவிகளும் கண்மறைப்புகளும்

வேறொரு நோய்க்காகவோ விபத்துக்காகவோ மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒருவர் அதுவரை எவ்வளவு மது அருந்திவந்தார் என்பது, அவருடைய சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடிய செய்தியாகும். மயக்க மருந்தின் அளவு, அறுவைக்குப் பிந்தைய இரத்தக்கசிவு, காயம் ஆறும் வேகம், நோய்த்தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு, மாத்திரைகளைக் கல்லீரல் தாங்கும் திறன் ஆகிய அனைத்தும் அதனோடு பிணைந்தவை. ஆயினும் இரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து ஒவ்வாமை ஆகியவை தவறாமல் ஏறும் கேஸ் ஷீட்டில், மதுவுக்கான இடம் பல வேளைகளில் வெறுமையாக விடப்படுகிறது. அல்லது 'எப்போதாவது குடிப்பவர்' என்ற ஒற்றைத் தொடரோடு முடிக்கப்படுகிறது. மிகைக் குடியைக் கண்டறியும் எளிய வினாத்தொகுப்புகளும் நுட்பமான இரத்தப் பரிசோதனைகளும் கடந்த அரை நூற்றாண்டில் உருவாகிவிட்ட பின்னும் இந்நிலை தொடர்வதற்குக் காரணம், அவற்றை யாரிடம், எப்படி, எதற்காகப் பயன்படுத்துவது என்பதில் மருத்துவமனைகள் தெளிவடையாததே என்பதை இத்துறையின் முதன்மையான ஆய்வுகள் காட்டுகின்றன.

பால்டிமோர் ஆய்வு காட்டிய உண்மை

இப்பொருளில் இன்றும் அடிப்படையாகக் கருதத்தக்கது, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் மூரும் அவருடைய குழுவினரும் நடத்தி, 1989-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு. புதிதாகச் சேர்க்கப்பட்ட சுமார் 2,000 நோயாளிகளை வினாத்தொகுப்புகளின் துணையோடு பரிசோதித்த அக்குழு, பொது மருத்துவப் பிரிவில் 25 சதவீதத்தினரும், அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 23 சதவீதத்தினரும், மனநலப் பிரிவில் 30 சதவீதத்தினரும், நரம்பியல் பிரிவில் 19 சதவீதத்தினரும், மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவில் 12.5 சதவீதத்தினரும் குடிநோய்க்கான அளவுகோலில் தேறுவதைக் கண்டது.

இவர்களுள் எத்தனை பேரைச் சிகிச்சையளித்த மருத்துவர்கள் தாமாகவே இனங்கண்டிருந்தார்கள் என்று பார்த்தபோதுதான் குறையின் முழு அளவு புலப்பட்டது. மனநலப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் கண்டறியப்பட்டிருந்தனர். பொது மருத்துவத்திலும் நரம்பியலிலும் அது கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் இடையே நின்றது. அறுவைச் சிகிச்சையிலும் மகளிர் நலத்திலும் கால் பங்கைக்கூட எட்டவில்லை. அதைவிடக் கவனத்துக்குரியது, தவறவிடப்பட்டவர்கள் யார் என்பது: வருமானமும் படிப்பும் மிகுந்தவர்கள், தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தவர்கள், பெண்கள், அதிகம் குடிப்பதில்லை என்று மறுத்தவர்கள் ஆகியோரே மருத்துவர்களின் பார்வைக்குத் தப்பினர். குடிப்பவர் எப்படி இருப்பார் என்று மருத்துவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு தோற்றம் இருந்தது. அத்தோற்றத்துக்குப் பொருந்தியவர்கள் சந்தேகிக்கப்பட்டார்கள், பொருந்தாதவர்கள் நோய் முற்றும்வரை கேட்கப்படாமலே போனார்கள் என்பதே இம்முடிவுகளின் சாரம்.

முதல் மூன்று நாள்கள்

மதுவைப் பற்றிக் கேட்பது நோயாளியைத் திருத்துவதற்காக என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உள்நோயாளியைப் பொறுத்தவரை அதன் முதல் பயன் அவருடைய உயிர்ப் பாதுகாப்பு. பல மாதங்களாக நாள்தோறும் குடித்துவந்த மூளை, மதுவின் மந்தப்படுத்தும் விளைவை ஈடுகட்டுவதற்காகத் தன்னைத் தூண்டும் வேதிக் கடத்திகளின் செயலைக் கூட்டியும் அடக்கும் கடத்திகளின் செயலைக் குறைத்தும் ஒரு புதிய சமநிலைக்கு வந்திருக்கும். கால் எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவருக்கு அன்று மது கிடைக்காதபோது, மந்தப்படுத்தும் பொருள் நீங்கித் தூண்டல் மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்துக்குப் பின் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான இடைவெளியில் சிலருக்குக் காலமும் இடமும் குழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்த 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்னும் சித்தப்பிரமை மூள்கிறது. இந்நிலைக்கு 1813-இல் அப்பெயரைச் சூட்டியவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் சட்டன்.

இது சத்துக்குறைவால் வருவதா, மதுவை நிறுத்துவதால் வருவதா என்பது நெடுங்காலம் விவாதப் பொருளாக இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல்லின் குழு, முன்பு மார்ஃபின் பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்த கைதிகளுக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்துப் பின் திடீரென நிறுத்திப் பார்த்து, வலிப்பும் சித்தப்பிரமையும் நிறுத்தத்தாலேயே வருகின்றன என்பதை 1955-இல் நிறுவியது. இன்றைய ஆய்வு நெறிகள் ஒருபோதும் அனுமதிக்காத சோதனை அது. எனினும் மதுவிலகல் பற்றிய இன்றைய புரிதலுக்கு அதுவே அடித்தளம்.

மருத்துவமனைக்குள் இந்த நேரக்கணக்கு ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. திங்கள் இரவு விபத்தில் சேர்க்கப்பட்டு, செவ்வாயன்று எலும்பு பொருத்தப்பட்டவருக்கு வியாழக்கிழமை குழப்பம் தோன்றும்போது, அதை மயக்க மருந்தின் விளைவாகவோ தலைக்காயமாகவோ நோய்த்தொற்றின் காய்ச்சலாகவோ கருதுவதற்கு எல்லாக் காரணங்களும் கண்முன் இருக்கின்றன. சேர்க்கும்போதே குடி அளவு கேட்டுக் குறிக்கப்படாவிட்டால், சரியான காரணம் மட்டும் பட்டியலில் இருக்காது. சிகிச்சை இல்லாத காலத்தில் மூவரில் ஒருவர் வரை பலிகொண்ட இச்சித்தப்பிரமை, முன்கூட்டியே டயசிபாம் வகை மருந்துகளைத் தக்க அளவில் கொடுத்தால் பெருமளவு தவிர்க்கப்படுகிறது. அதிகம் குடிப்போருக்குத் தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. அந்நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் 'வெர்னிக்கே' மூளைக் கோளாறு தூண்டப்படலாம் என்பதும், அது முற்றினால் நினைவாற்றல் நிலையாக அழியும் என்பதும், சேர்க்கும் நேரத்திலேயே கேட்பதற்கான மற்றொரு காரணம்.

வினாத்தொகுப்புகளின் வளர்ச்சி

வட கரோலினாப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984-இல் வெளியிட்ட கட்டுரையால் உலகெங்கும் பரவிய 'கேஜ்' என்னும் தொகுப்பில் நான்கே கேள்விகள்: குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா, பிறர் அதைக் குறைகூறியபோது எரிச்சல் வந்ததுண்டா, அதற்காகக் குற்ற உணர்வு கொண்டதுண்டா, காலையில் எழுந்ததும் நடுக்கத்தைத் தணிக்கக் குடித்ததுண்டா. இரண்டுக்கு 'ஆம்' என்றால் ஐயம் வலுப்பெறும். படுக்கையருகே ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம் என்பது இதன் வலிமை. ஆனால் இது வாழ்நாள் முழுவதையும் சேர்த்துக் கேட்பதால், பத்தாண்டுகளுக்கு முன் குடியை விட்டவரும் இதில் சிக்குவார். அளவைக் கேட்காததால், இன்னும் குற்ற உணர்வுக்கோ குடும்பச் சண்டைக்கோ இடம்தராமல் நிறையக் குடித்துக்கொண்டிருப்பவர் நழுவிவிடுவார்.

இக்குறையை நிரப்பவே உலகச் சுகாதார நிறுவனம் ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் நோயாளிகளிடம் நடத்திய கூட்டாய்விலிருந்து 'ஆடிட்' என்னும் பத்துக் கேள்வித் தொகுப்பை உருவாக்கியது; ஜான் சாண்டர்ஸ் முதலியோர் அதன் ஆய்வு விவரங்களை 1993-இல் வெளியிட்டனர். முதல் மூன்று கேள்விகள் குடிக்கும் அளவையும், அடுத்த மூன்று சார்புநிலையையும், அதாவது நிறுத்த முயன்றும் நிறுத்த முடியாமை போன்றவற்றையும், கடைசி நான்கு ஏற்கெனவே விளைந்த தீங்குகளையும் அளக்கின்றன. மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் பெறுபவருக்கு ஆலோசனை தேவை என்றும், 20-ஐத் தொடுபவரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் அதன் கையேடு வகுக்கிறது. நோயாளியைக் குடிநோயாளி, குடிநோயாளி அல்லாதவர் என்று இரண்டாகப் பிரிக்காமல், ஆபத்தான குடி, தீங்கு விளைத்துவிட்ட குடி, சார்புநிலை என்று படிப்படியாகக் காண்பது இதன் முக்கியமான முன்னேற்றம். இதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்ட 'ஆடிட்-சி' 1998-இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. 12 மதிப்பெண்ணுக்கு ஆண்கள் 4-ஐயும் பெண்கள் 3-ஐயும் எட்டினால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது அதன் வழக்கமான எல்லை. உடலில் நீரின் பங்கு குறைவாக இருப்பதால் அதே அளவு மதுவும் பெண்ணின் இரத்தத்தில் கூடுதல் செறிவை அடைகிறது என்பதே எல்லை வேறுபடுவதற்கு முதன்மையான காரணம்.

ஒரு குவாட்டர் என்பது எத்தனை அளவு

இவ்வினாக்கள் 'நிலையளவு' என்னும் கணக்கில் பேசுகின்றன. ஆடிட் கையேட்டின்படி ஒரு நிலையளவு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். பிரிட்டனில் அது 8 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். தமிழ்நாட்டில் குடிப்பவர் எவரும் இக்கணக்கில் குடிப்பதில்லை. அவருக்குத் தெரிந்த அளவுகள் கட்டிங், குவாட்டர், ஆஃப், பீர் என்பவையே. 180 மில்லி குவாட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம், ஆல்கஹாலின் அடர்த்தி மில்லிக்கு 0.789 கிராம், ஆகவே ஒரு குவாட்டரில் ஏறத்தாழ 61 கிராம், அதாவது ஆறு நிலையளவுகள் உள்ளன. அதில் பாதியான கட்டிங் மூன்று நிலையளவு. 650 மில்லி பீர் பாட்டில், வீரியம் 5 சதவீதமானால் இரண்டரை நிலையளவையும், 8 சதவீதமானால் நான்கையும் கொண்டிருக்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு குவாட்டர் குடிக்கும் ஆண் ஒருவரிடம் ஆடிட்-சி கேட்கப்படுவதாகக் கொள்வோம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற முதல் கேள்விக்கு அவருக்கு 3 மதிப்பெண். குடிக்கும் நாளில் எத்தனை என்ற இரண்டாம் கேள்விக்கு அவர் "ஒண்ணுதான்" என்கிறார். கேட்பவர் அதை ஒரு நிலையளவு என்று எழுதிக்கொண்டால் மதிப்பெண் 0. ஆறு நிலையளவோ அதற்கு மேலோ ஒரே அமர்வில் குடிப்பதுண்டா என்ற மூன்றாம் கேள்விக்கும், ஒன்றுதான் குடிக்கிறார் என்பதால் 0. மொத்தம் 3, எல்லைக்குக் கீழே நின்று அவர் கணக்கிலிருந்து விடுபடுகிறார். அந்த 'ஒண்ணு' குவாட்டர் என்று விசாரித்துக் கணக்கிட்டால் இரண்டாம் கேள்விக்கு 2, வாரந்தோறும் ஆறு நிலையளவை எட்டுவதால் மூன்றாம் கேள்விக்கு 3, ஆக மொத்தம் 8. நோயாளி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அளவின் அலகு மாறியதால் மட்டுமே ஆபத்தான குடி, பாதுகாப்பான குடியாகப் பதிவாகிவிடுகிறது. பாட்டில் அளவுகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதே இதற்கு மாற்று.

கேட்கும் விதம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை, ஆடிட்-சியை ஆண்டுதோறும் அனைவரிடமும் கேட்கும் அமெரிக்கப் படைவீரர் மருத்துவ அமைப்பே வெளிக்காட்டியது. 2011-இல் வெளியான ஆய்வொன்று, அதே மூன்று கேள்விகளை அஞ்சல்வழி இரகசியமாகக் கேட்டபோது எல்லையைத் தாண்டியவர்களில் 61 சதவீதத்தினர் மருத்துவ நிலையப் பதிவுகளில் எல்லைக்குள் இருந்ததைக் கண்டது. ஊழியர்கள் கேள்வியைச் சொன்னபடி வாசிக்காமல் சுருக்கியும், விடையைத் தாமே ஊகித்தும், "நீங்கள் குடிப்பதில்லைதானே" என்பது போல விரும்பிய விடையை முன்வைத்தும் கேட்பது பின்னர் நேரில் கவனித்தவர்களால் பதிவு செய்யப்பட்டது. படிவத்தை நிரப்புவது கண்டறிதல் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

கேள்விகளை நம்ப முடியாதென்றால் இரத்தத்தை நம்பலாமே என்று தோன்றுவது இயல்பு. நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் 'காமா ஜிடி' என்னும் கல்லீரல் நொதி, தொடர்ந்து குடிப்போரிடம் உயர்ந்து, நிறுத்திய சில வாரங்களில் இறங்குகிறது; ஆனால் உடற்பருமன், கொழுப்புக் கல்லீரல், பித்தநாள அடைப்பு, வலிப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் அது உயரும். இரத்தச் சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் கூடுவது மற்றோர் அடையாளம். பி12, ஃபோலேட் குறைபாடுகளிலும் அதே மாற்றம் ஏற்படுவதோடு, சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் குடியை விட்டு மாதங்கள் கழிந்தும் அது நீடிக்கும். சி.டி.டி. எனப்படும் சர்க்கரைக் கிளைகள் குறைந்த டிரான்ஸ்ஃபெரின் புரதம், நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை ஓரிரு வாரங்கள் தொடர்ந்து குடித்தவரிடம் கூடுகிறது. மற்றவற்றைவிடத் துல்லியமானது எனினும் மிகைக் குடியர் பலரை இதுவும் தவறவிடுகிறது.

இவற்றுள் புதியதும் நம்பகமானதும் 'பெத்' எனச் சுருக்கி அழைக்கப்படும் பாஸ்ஃபடிடைல் எத்தனால். சிவப்பணுவின் சவ்விலுள்ள கொழுப்புப் பொருளோடு ஆல்கஹால் நொதியொன்றின் துணையால் வினைபுரியும்போது மட்டுமே இது உருவாவதால், வேறு நோய்கள் இதை உயர்த்துவதில்லை. குடித்த இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை இரத்தத்தில் காணப்படும் இப்பொருள், கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்போரைக் கண்காணிப்பதில் இன்று பெரிதும் பயன்படுகிறது. குடித்த ஒருவரின் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் முடிவு மாறக்கூடும் என்பதை மட்டும் மருத்துவர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் எந்தப் பரிசோதனையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூச்சிலோ இரத்தத்திலோ உள்ள ஆல்கஹாலை அளப்பது அந்த நேர நிலையையே காட்டும். மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரையே உடல் எரிப்பதால் ஒரு குவாட்டர் நீங்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும், அதன்பின் தடயம் இல்லை. இரத்தத்தில் அளவு மிகுந்திருந்தும் போதையின் அறிகுறியே இல்லாமல் ஒருவர் தெளிவாகப் பேசினால், அவர் உடல் மதுவுக்குப் பழகிவிட்டது என்று கொள்ளலாம். எண்ணைவிட எண்ணுக்கும் நோயாளிக்கும் உள்ள முரணே இங்குச் செய்தி. 'பெத்' எவ்வளவு குடித்தார் என்று சொல்லும்; முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, கடைசியாகக் குடித்தது எப்போது என்பவற்றைச் சொல்லாது. முதல் மூன்று நாள் பாதுகாப்புக்கு வேண்டியவை பின்னவைதாம். அவற்றை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோதான் கேட்டறிய முடியும். பேச முடியாத நிலையில் வருபவர்களுக்கும், விடைகளும் உடல்நிலையும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதும் இரத்தப் பரிசோதனை துணையாகும்.

மறைப்பதற்கான காரணங்கள்

நோயாளி உண்மையை மறைப்பதை அவருடைய குணக்கேடாகக் கொள்வது எளிது. அதற்கான நடைமுறைக் காரணங்களை மருத்துவமனையைச் சூழ்ந்துள்ள அமைப்புகளே உண்டாக்குகின்றன. இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் குடிப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்குமான சிகிச்சை வழக்கமான விலக்குகளில் ஒன்றாக இடம்பெற்றுவந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் குடி என்ற சொல் ஏறினால் பணம் வராது என்று அஞ்சும் குடும்பம், மருத்துவரிடம் அதைச் சொல்லாமலிருப்பது வியப்பன்று. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்து, மனநோய்க்கு உடல்நோய்க்கு இணையான காப்பீடு வேண்டும் என்று சொன்னபோதிலும், அந்த அச்சம் நீங்கிவிடவில்லை. விபத்துப் பிரிவில் காவல் வழக்கும் உடன் நிற்பதால், எவ்வளவு குடித்தீர்கள் என்ற மருத்துவரின் கேள்வி காவலரின் கேள்வியாகவே காதில் விழுகிறது. அமெரிக்காவிலும் 1947-இல் வகுக்கப்பட்ட ஒரு மாதிரிச் சட்டம், போதையில் நேர்ந்த காயத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் மறுக்க இடம் கொடுத்ததால், அவசரப் பிரிவு மருத்துவர்கள் பலர் இரத்த ஆல்கஹாலை அளக்கவே தயங்கினர்.

பெண்களைப் பொறுத்தவரை தயக்கம் கேட்பவரிடமே தொடங்குகிறது. இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 சதவீதத்தினர் மது அருந்துவதாகவும், ஆண்களில் இது 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம் என்றும் 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. விகிதம் சிறிது என்பதால் பெண் நோயாளியிடம் கேட்காமல் விடுவது வழக்கமானால், பால்டிமோரில் நேர்ந்ததே இங்கும் நேரும்.

கண்டறிந்த பின்

கண்டறிவதால் குடி குறைகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகளின் விடை கலவையானது. சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவ மையத்தில் விபத்துக் காயத்தோடு சேர்ந்தவர்களுக்கு ஒரே ஒருமுறை குறுகிய ஆலோசனை வழங்கிய லாரி ஜென்டிலெல்லோவின் 1999 ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அவர்களுடைய குடி வாரத்துக்குச் சுமார் 22 நிலையளவு குறைந்திருந்தது. ஆலோசனை பெறாதவர்களிடம் குறைவு 7-க்கும் கீழே. இதைத் தொடர்ந்தே அமெரிக்க அறுவை மருத்துவர் கழகம் பெரிய விபத்துச் சிகிச்சை மையங்கள் மதுப் பழக்கத்தைக் கேட்டறிவதைக் கட்டாயமாக்கியது. மாறாக, பாஸ்டனில் பொது மருத்துவ உள்நோயாளிகள் 341 பேரிடம் ரிச்சர்ட் சைட்ஸ் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில் குறுகிய ஆலோசனை பயன் தரவில்லை. அவர்களுள் நான்கில் மூவருக்கு மேல் ஏற்கெனவே சார்புநிலையை அடைந்திருந்தனர் என்பதே இதற்கான விளக்கமாக அமைகிறது. அறிவுரையின் எல்லையைத் தாண்டிவிட்டவருக்கு மருந்தும் தொடர் சிகிச்சையும் தேவை. அதற்கான வழி மருத்துவமனையிலேயே தொடங்கப்பட வேண்டும். இடைநிலையில் இருப்போருக்கு விலைமிக்க வல்லுநர்கள் வேண்டியதில்லை என்பதைக் கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது: பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசியதில், மூன்று மாதத்தில் ஆடிட் மதிப்பெண் எட்டுக்குக் கீழே இறங்கியவர்கள் 36 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 26 சதவீதம்.

இந்த வேறுபாடுகளுக்கு அப்பாலும் நிற்கும் முடிவு ஒன்று உண்டு. நோயாளி குடியை விடுவாரா என்பது அவருடைய விருப்பத்தையும் பின்னர்க் கிடைக்கும் உதவியையும் பொறுத்தது. முதல் சில நாள்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வராமல் காப்பது முற்றிலும் மருத்துவமனையைப் பொறுத்தது. ஆகவே ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றிச் சேர்க்கப்படும் வயதுவந்தோர் அனைவரிடமும், ஒவ்வாமையைக் கேட்கும் அதே இயல்பான குரலில், குடும்பத்தார் சூழ நிற்காத தனிமையில், ஊரில் வழங்கும் பாட்டில் அளவுகளிலேயே கேட்பதும், கடைசியாகக் குடித்த நேரத்தைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுவதும் ஒவ்வொரு மருத்துவமனையின் கட்டாய நடைமுறையாக வேண்டும். இதற்குப் புதிய கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை. மூன்று கேள்விகளும் இரண்டு நிமிடங்களும் போதும்.